இடுப்பு மூட்டில் உருவாகும் அரிய நீர்க்கட்டி: கத்தி வைக்கும் முன் ஸ்கேன் அவசியம்

புதுதில்லி: பெண்களின் பிறப்புறுப்பின் முன்பகுதியில் தோன்றும் வீக்கம், மிக அரிதாக, இடுப்பெலும்பு மூட்டிலிருந்தே உருவாகிறது. புற்றுநோயல்லாத இதனைச் சாதாரணச் சுரப்பிக் கட்டி எனக் கருதிக் கீறினால், அருகில் செல்லும் சிறுநீர்க்குழாய் காயமடையக்கூடும். எனவே கட்டி எங்கிருந்து தொடங்குகிறது என்பதை உறுதி செய்வதே சிகிச்சையின் முதற்படியாகும்.

காரணம் என்ன?

இடது, வலது இடுப்பெலும்புகள் அடிவயிற்றுக்குக் கீழே முன்புறத்தில் சந்திக்கும் மூட்டு 'பியூபிக் சிம்பசிஸ்' எனப்படுகிறது. எலும்புகளுக்கு இடையே உள்ள நார்க்குருத்தெலும்பின் அகலம் பொதுவாக 4 முதல் 5 மில்லிமீட்டர். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்களின் தாக்கத்தால் இந்த இடைவெளி சற்று விரிகிறது. பல பிரசவங்களாலும் வயது மூப்பாலும் தேய்ந்த குருத்தெலும்பு, மூட்டின் கீழ்விளிம்பில் பிதுங்கிக் கட்டியாகத் திரள்வதாகக் கருதப்படுகிறது. பலமுறை குழந்தை பெற்ற, மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது பெரும்பாலும் காணப்படுகிறது. உட்புறத்தில் தனிப் படலம் இல்லாததால் 'பொய்க்கட்டி' என்றும் அழைக்கப்படும் இது, 1996-ஆம் ஆண்டு வெளியான, இரு நோயாளிகள் குறித்த மருத்துவக் கட்டுரையில் விவரிக்கப்பட்டது.

அறிகுறிகளும் பரிசோதனையும்

வீக்கம், உட்காரும்போது அசௌகரியம், தாம்பத்திய உறவின்போது வலி, சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவை முக்கிய அறிகுறிகள். சிலருக்கு எந்தத் தொந்தரவும் இராது.

பார்த்தோலின் சுரப்பிக் கட்டி யோனி வாயிலின் கீழ்ப்பக்கவாட்டில் தோன்றும். ஸ்கீன் சுரப்பிக் கட்டி சிறுநீர்த் துவாரத்தை ஒட்டி அமையும். மூட்டுக் கட்டியோ சிறுநீர்க்குழாய்க்கு முன்னால், பெரும்பாலும் நடுக்கோட்டில் இருக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அது மூட்டின் கீழ்விளிம்புடன் இணைந்திருப்பது தெரிந்தால் நோய் ஏறத்தாழ உறுதியாகிறது. குருத்தெலும்புப் புற்றுநோய் குறித்த ஐயம் எழுந்தால் திசுப் பரிசோதனை தேவைப்படும்.

சிகிச்சை

தொந்தரவு இல்லாதவர்களுக்குக் கண்காணிப்பே போதுமானது. வலிக்கு மாத்திரைகள் அளிக்கப்படும். ஊசி மூலம் நீரை உறிஞ்சலாம். ஆனால் உள்ளிருக்கும் பொருள் கெட்டியாக இருந்தால் பலன் குறைவு, கட்டி மீண்டும் வரலாம். சிறுநீர் தடைபடுவோருக்கும் வலி தீராதோருக்கும் அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படும். ரத்தக் கசிவு, சிறுநீர்க்குழாய்க் காயம், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை அதன் அபாயங்கள் என்பதால், மகளிர் நோய், சிறுநீரகவியல், எலும்பியல் மருத்துவர்கள் கூடி முடிவெடுப்பது நல்லது.

தில்லியில் 1956-இல் நிறுவப்பட்ட எய்ம்ஸ், அதற்கு எதிரே உள்ள சப்தர்ஜங் ஆகிய மத்திய அரசு மருத்துவமனைகளில் இத்துறைகள் அனைத்தும் உள்ளன. முதலில் மகளிர் நோய்ப் பிரிவின் புறநோயாளிகள் பிரிவை அணுகலாம். பிரசவங்களின் எண்ணிக்கை, பழைய அறுவை சிகிச்சைகள் பற்றிய விவரங்களையும் முந்தைய ஸ்கேன் அறிக்கைகளையும் எடுத்துச் செல்வது உதவும்.

சிறுநீர் அறவே வெளியேறாமை, காய்ச்சலுடன் கூடிய வீக்கம், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, வேகமாக வளரும் கெட்டியான கட்டி ஆகியவை இருந்தால் உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும். அந்தரங்கப் பகுதி என்ற கூச்சத்தால் வீக்கத்தை மறைப்பது, எளிதில் தீரக்கூடிய தொல்லையையும் ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கும்.