கழிமுகம்: குறிஞ்சி நெய்தலைச் சேரும் இடம்

கிராஞ்சி அணைக்கட்டின் மேல் நின்று பார்ப்பவர்க்கு இருபுறமும் நீரே தெரியும். ஒருபுறம் நன்னீர், மறுபுறம் ஜொகூர் நீரிணையின் உப்புநீர். இடையே சாலை அமைந்த ஒரு கரை. 1970களின் தொடக்கத்தில் இவ்விடத்தில் இத்தகைய எல்லை இல்லை. ஓதம் ஏறும்போது உவர்ந்தும், வற்றும்போது உவர் தணிந்தும், கண்டற்காடுகளின் இடையே கிராஞ்சி ஆறு கடலோடு கலந்துகொண்டிருந்தது. 1963ஆம் ஆண்டின் தண்ணீர்ப் பங்கீட்டை மறவாத நாடு, ஆற்றின் வாயை அடைத்து, 1975இல் அதனை நீர்த்தேக்கமாக்கியது. அம்முடிவைக் குறைகூற நாம் முற்படவில்லை. பேராறு ஒன்றும் இல்லாத தீவுக்குக் குடிநீர் வேண்டும். எனினும் அங்கே அடைபட்டது எது என்பதை அறிந்துகொள்வது நம் கடமை. அதற்குத் தமிழ்ச் சொற்களே நல்ல துணை.

முதலில் ஊர்ப்பெயர்கள். கிராஞ்சி என்பது கெராஞ்சி என்னும் மரத்தின் மலாய்ப் பெயர். புளிப்பும் இனிப்பும் கலந்த சதையுடைய பழம் தருவது. (இலங்கையில் பூநகரிப் பகுதியிலும் கிராஞ்சி என்றொரு கரையூர் உண்டு. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு கற்பிப்பது மொழியியலார்க்கு அழகன்று, ஆகவே விட்டுவிடுவோம்.) அருகிலுள்ள சுவா சூ காங் என்னும் பெயரின் ஈற்றிலுள்ள 'காங்' ஆற்றுத் துறையைக் குறிக்கும் சீனச் சொல். 19ஆம் நூற்றாண்டில் காம்பியரும் மிளகும் பயிரிட்ட தியோச்சியூ மக்கள் ஆறுகளின் வழியே உள்நாடு புகுந்து குடியேறினர். காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். அதற்காகக் குன்றுகளின் காடு வெட்டப்பட்டது. நிலம் சாரமற்றுப் போனபின் பலர் ஜொகூருக்குப் பெயர்ந்தனர். காடிழந்த குன்றின் மண் எங்கே சென்றிருக்கும்? மழை அதனை ஆற்றுக்கும், ஆறு கழிக்கும் கொண்டு சேர்த்திருக்கும். குன்றில் நிகழ்வது கடலோரத்தில் தெரியும் என்பதற்கு 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமாவையே மிக உயர்ந்த குன்றாக உடைய இச்சிறு தீவும் விலக்கன்று.

நம் வகுப்பறைகளில் ஐந்திணையைக் கட்டம் போட்ட அட்டவணையாகக் கற்பிக்கிறோம். குறிஞ்சிக்கு அருவியும் சுனையும். நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்கழியும். தேர்வுக்கு இது வசதி. ஆனால் அருவி நீர் எங்கே போகிறது என்று ஒரு மாணவர் கேட்டால் அட்டவணை விடை தராது. திணைகள் மயங்குவதைத் தொல்காப்பியம் விலக்கவில்லை. நிலத்திலும் அந்த மயக்கத்தைக் காணலாம். அது நிகழும் இடம் ஆற்றின் வாய்.

அவ்விடத்துக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! புகார் என்பது 'புகு' என்னும் வினையை நினைவூட்டுவது; ஆறு கடலில் புகும் இடம். காவிரி புகும் இடத்து நகர் காவிரிப்பூம்பட்டினமாகவும் புகாராகவும் விளங்கியது. கயவாய் என்பது இன்று வழக்கிழந்த பழஞ்சொல். கழிமுகம் இன்றும் வழங்குகிறது. ஈழத்தார் முகத்துவாரம் என்பர். குமரிக் கரையார் பொழி என்பர். இத்தனை சொற்களைப் படைத்த மக்கள் அவ்விடத்தை நம்பி வாழ்ந்தவர்கள் என்றே நாம் கருதுகிறோம்.

நம்பியது வீணன்று. குடகில் தோன்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிவரும் காவிரி வண்டலை மட்டும் கொணர்வதில்லை. மலைப்பாறை சிதைந்து கரையும் சிலிக்காவும் அதனுடன் வருகிறது. டயட்டம் என்னும் நுண்பாசி தன் ஓட்டைக் கட்டுவது அச்சிலிக்காவால்தான். அப்பாசியைச் சிற்றுயிர்கள் உண்ண, அவற்றை மீன்கள் உண்ணும். கடலில் பிறக்கும் வெள்ளை இறாலின் குஞ்சுகள் கழியின் உவர்நீரில் வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்லும். உல்லம் முட்டையிட ஆறேறும். விலாங்கோ ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்கு இறங்கும்.

இவ்வழியை மறித்தால் என்ன ஆகும் என்ற ஐயம் புதிதன்று. 1830களில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் கட்டுவித்தவர் ஆர்தர் காட்டன். தஞ்சை வேளாண்மை அவருக்குப் பெரிதும் கடன்பட்டது. அவரே 1867இல், ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகள் கடலோர மீன்வளத்தைக் கெடுக்கக்கூடும் என்று இந்தியச் செயலருக்கு எழுதினார். அதையொட்டி ஆய்வில் இறங்கிய மருத்துவர் பிரான்சிஸ் டே, 1873இல் இந்திய, பர்மிய நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். தம் வாழ்நாட் பணியின் பக்கவிளைவைத் தாமே வினவிய பொறியாளர் அரியர்; இச்செய்தி பாடநூல்களில் இடம்பெறத் தக்கது. அணைகளோ நிற்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. படுகையின் தென்முனையில், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வரும் நன்னீர் குறைந்து உவர் மிகுந்தது.

நைல் நதியின் கதை இன்னும் வெளிப்படையானது. எகிப்தியக் கடலோரத்தில் 1962இல் ஏறத்தாழ 18,000 டன் மத்தி மீன் பிடிபட்டது. அசுவான் பேரணை 1964 முதல் வெள்ளத்தைத் தேக்கத் தொடங்கியது. 1968இல் அப்பிடிப்பு ஆயிரம் டன்னையும் எட்டவில்லை.

சிங்கப்பூரில் 2008இல் மரினா அணைக்கட்டு எழுந்தபின், சிராங்கூன் சாலைக்கு அருகே ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீரும் நன்னீர்த் தேக்கத்திலேயே சேர்கிறது. கழிமுகம் என்ற சொல்லை விளக்கச் சுட்டிக்காட்டும் இடம் நம் நகர்ப் பிள்ளைகளுக்கு அருகிவிட்டது. ஆயினும் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. கிராஞ்சி அணைக்கு மேற்கே சுங்கை பூலோ, கிழக்கே மண்டாய்ச் சேற்றுநிலம். ஓதம் வற்றும் வேளையில் மண்டாய்ச் சேற்றில் குதிரைலாட நண்டுகள் ஊரும். வலசை வரும் உள்ளான்கள் இரை தேடும். ஆசிரியர்கள் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றும் நேரத்தில் மாணவரைச் சுங்கை பூலோவுக்கு அழைத்துச் செல்லலாம். ஐந்திணை அட்டவணையையும் உடன் கொண்டுசெல்லட்டும். அருவிக்கும் உவர்க்கழிக்கும் இடையே ஒரு கோட்டை மாணவர்களே வரைவார்கள்.