கேத்தே குரூசேயின் துணிப் பொம்மைகள்

கேத்தே குரூசே (1883–1968) ஜெர்மானியப் பொம்மைக் கலைஞர். தன் குழந்தைக்காகத் துணிப் பொம்மை செய்யக் கற்றுக்கொண்டு, பின்னர் அதையே தொழிலாக வளர்த்தவர். பிரெஸ்லாவில் பிறந்த இவர் பெர்லினில் நாடக நடிகையாக இருந்தார். சிற்பி மாக்ஸ் குரூசேயை 1909-இல் மணந்தார்.

பின்னணி

துணிப் பொம்மை மிகப் பழமையானது. ரோமானியர் ஆட்சிக்கால எகிப்தைச் சேர்ந்த, கந்தலும் பாப்பிரசும் அடைத்த லினன் பொம்மை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயினும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கடைகளில் பீங்கான் தலைப் பொம்மைகளே மிகுந்திருந்தன. அவை அழகானவை, ஆனால் குளிர்ந்தவை, கடினமானவை, விழுந்தால் உடைபவை.

முதல் பொம்மை

1905-இல் கேத்தே தன் மகள்களுடன் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில் வாழ்ந்தார். மூத்த மகள் மரியா பொம்மை கேட்டாள். பெர்லினில் இருந்த மாக்ஸிடம் ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னார் கேத்தே. கடைப் பொம்மைகள் பிடிக்காத மாக்ஸ், நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று மறுத்துவிட்டார்.

பொம்மை செய்யும் பயிற்சி எதுவும் கேத்தேக்கு இல்லை. ஒரு துண்டில் மணலை நிரப்பி, நான்கு மூலைகளையும் முடிச்சிட்டுக் கைகால்கள் ஆக்கினார். உருளைக்கிழங்கு தலையானது. மரியாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் உருளைக்கிழங்கும் மணலும் நெடுநாள் நிலைப்பவை அல்ல. எனவே கேத்தே தொடர்ந்து வெட்டியும் தைத்தும் பிரித்தும் பார்த்தார். முடிவில், அச்சில் அழுத்தி உருவாக்கிய துணித் தலைக்கு எண்ணெய் வண்ணம் தீட்டி, பருத்தித் துணி உடலில் மான் முடியை அடைத்துத் தைக்கும் முறையை அடைந்தார். அணைத்துக்கொள்ள மென்மையும், தரையில் விழுந்தாலும் தாங்கும் உறுதியும் அதற்கு இருந்தன.

தொழிலாக வளர்தல்

1910-இல் பெர்லினின் ஹெர்மன் டீட்ஸ் பல்பொருள் அங்காடி நடத்திய கையால் செய்த பொம்மைகளின் கண்காட்சியில் இவரது பொம்மைகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. தயாரிப்பு உரிமத்தை முதலில் ஒரு தொழிற்சாலைக்கு வழங்கினார். தரம் நிறைவளிக்காததால் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1911-இல் அமெரிக்காவிலிருந்து 150 பொம்மைகளுக்கு ஆணை வந்தபோது வீடே பட்டறையாயிற்று. 1912-இல் பாட் கோசனில் பட்டறை அமைந்தது.

உரிமை வழக்கு

தன் பொம்மைகளைப் போலவே செய்து விற்ற பிங் நிறுவனத்தின் மீது கேத்தே வழக்குத் தொடுத்தார். 1925-இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது. விளையாட்டுப் பொருளும் படைப்புக்குரிய பாதுகாப்பைப் பெறலாம் என்பதை அத்தீர்ப்பு உறுதிசெய்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் தயாரிப்பு மேற்கு ஜெர்மனியின் டோனாவொர்த்துக்கு மாறியது. அங்கே இவர் பெயரில் பொம்மை அருங்காட்சியகம் உள்ளது.