ஸ்பீக்கர், ஹெட்போன் ரெண்டுலயும் ஒரே நேரத்தில் சத்தம் வரணுமா? கம்ப்யூட்டரில் இதை செய்யுங்க!

லேப்டாப்பில் குடும்பமே சேர்ந்து படம் பார்க்கிறது. காது மந்தமான தாத்தாவுக்காக சத்தத்தை கூட்டினால் மற்றவர்களுக்கு காது வலிக்கிறது. குறைத்தால் அவருக்கு வசனமே புரிவதில்லை. சரி, அவருக்கு மட்டும் ஹெட்போன் மாட்டிவிடலாம் என்றால் ஸ்பீக்கர் நின்றுவிடுகிறது. இதற்கு வழி இருக்கு.

ஏன் இப்படி ஆகிறது?

கம்ப்யூட்டர் வழக்கமாக சத்தத்தை ஒரு நேரத்தில் ஒரு கருவிக்குத்தான் அனுப்பும். ஹெட்போன் இணைந்ததும் அதற்கு மாறிவிடும்.

விண்டோஸில் எப்படி?

* யுஎஸ்பி அல்லது ப்ளூடூத் ஹெட்போனை இணைங்க. ஆனால், சத்தம் வரும் கருவியாக லேப்டாப் ஸ்பீக்கரே தேர்வாகி இருக்கணும்.
* கன்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' திறந்து 'ரெக்கார்டிங்' பகுதிக்கு போங்க.
* காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'ஷோ டிஸேபிள்டு டிவைசஸ்' கொடுங்க. 'ஸ்டீரியோ மிக்ஸ்' தெரிந்தால் அதை 'எனேபிள்' செய்யுங்க.
* அதன் 'ப்ராப்பர்ட்டீஸ்' உள்ளே 'லிசன்' பகுதியில் 'லிசன் டு திஸ் டிவைஸ்' டிக் செய்து, கீழே ஹெட்போனை தேர்வு செய்து 'அப்ளை' கொடுங்க.

எல்லா கம்ப்யூட்டரிலும் 'ஸ்டீரியோ மிக்ஸ்' இருக்காது. இல்லாவிட்டால் 'வாய்ஸ்மீட்டர்' போன்ற மென்பொருளை பயன்படுத்தலாம். ஹெட்போனில் சத்தம் ஒரு நொடிக்கும் குறைவாக பிந்தி வரலாம்.

மேக்கில் எப்படி?

'ஆடியோ மிடி செட்டப்' திறந்து, கீழே உள்ள பிளஸ் குறியை அழுத்தி 'கிரியேட் மல்டி-அவுட்புட் டிவைஸ்' கொடுங்க. ஸ்பீக்கர், ஹெட்போன் ரெண்டையும் டிக் செய்யுங்க. ஹெட்போனுக்கு 'டிரிஃப்ட் கரெக்‌ஷன்' போட்டால் ரெண்டு சத்தமும் விலகாமல் இருக்கும். பிறகு சவுண்ட் செட்டிங்ஸில் இந்த புதிய கருவியை தேர்வு செய்யணும். இதில் கீபோர்டு வால்யூம் பட்டன் வேலை செய்யாது. படம் தொடங்கும் முன்பே ரெண்டின் சத்தத்தையும் தனித்தனியா சரிசெய்து வையுங்க.

இதை மறக்காதீங்க!

வீடியோ காலில் ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்க. அதன் சத்தம் மைக்கில் புகுந்து எதிரொலிக்கும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பான அளவு என்கிறது உலக சுகாதார அமைப்பு. தாத்தா ஹெட்போனிலும் சத்தத்தை கூட்டிக்கொண்டே போனால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போவதுதான் நல்லது.