வீட்டு விலைக் குறியீட்டெண்: சேலம், நாமக்கல் வட்டாரம்

வீட்டு விலைக் குறியீட்டெண், ஓர் ஊரில் வீடுகளின் விலை ஓர் அடிப்படை ஆண்டிலிருந்து எவ்வளவு ஏறியது, இறங்கியது என்பதைக் காட்டும் எண். அடிப்படை ஆண்டின் விலை 100. எண் 125 ஆனால் நூற்றுக்கு 25 ஏறியிருக்கிறது. சதுர அடி என்ன விலை என்று இதில் தேடக் கூடாது. அதைச் சொல்வது இதன் வேலையல்ல.

இந்தியாவில் தேசிய வீட்டுவசதி வங்கி 2007 ஜூலையில் ‘ரெசிடெக்ஸ்’ குறியீட்டைத் தொடங்கியது. வீட்டுக்கடன் கொடுக்கும்போது செய்யப்படும் மதிப்பீடுகளைத் திரட்டி, வீடுகளை 60 சதுர மீட்டர் வரை, 110 வரை, அதற்கு மேல் எனப் பிரித்து, காலாண்டுதோறும் 50 நகரங்களுக்கு இது கணிக்கப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் உண்டு. சேலமும் நாமக்கல்லும் இல்லை. ரிசர்வ் வங்கி பதிவு அலுவலகப் பத்திரங்களைக் கொண்டு தனியே ஒரு குறியீடு வெளியிடுகிறது. அதிலும் இவ்விரு ஊர்களுக்கு இடமில்லை.

ஆகவே இப்பகுதியில் எல்லோரும் கையில் எடுப்பது பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பைத்தான். நகரத்தில் தெருவாரியாகவும் கிராமத்தில் சர்வே எண் வாரியாகவும் இது நிர்ணயிக்கப்படுகிறது. முத்திரைத் தீர்வைக்கு இதுவே அடிப்படை. இதற்குக் குறைவாகக் கிரயம் எழுதினால், இந்திய முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவின்படி பத்திரம் மதிப்பு நிர்ணயத்துக்கு அனுப்பப்படலாம். ஆனால் வழிகாட்டி மதிப்பு சந்தையை அளந்து வந்த எண் அல்ல, அரசு குறித்து வைத்த எண். 2012 ஏப்ரலில் அது பெரிதாக உயர்த்தப்பட்டது. 2017 ஜூனில் மாநிலம் முழுக்க 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக்கினார்கள். அந்த மாதம் சேலம் அஸ்தம்பட்டியிலோ நாமக்கல் மோகனூர் ரோட்டிலோ எந்த மனைக்காரரும் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளவில்லை. வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதப்பட்ட பத்திரங்களை மட்டும் வைத்துக் குறியீடு கட்டினால், நடக்காத சரிவு ஒன்று அதில் பதிவாகிவிடும்.

அமெரிக்காவில் கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் இருவரும் 1980களில் வேறு ஒரு வழியை மேம்படுத்தினார்கள்: ஒரே வீடு இரண்டு முறை விற்கும்போது கிடைக்கும் விலை வேறுபாட்டை மட்டும் எடுப்பது. சேலத்தில் இது அப்படியே பொருந்தாது. ஓட்டு வீட்டை வாங்கியவர் இடித்து மாடி கட்டி விற்றால், இரண்டு கிரயத்துக்கும் பொதுவாக மிஞ்சுவது மனை மட்டுமே. காலி சைட்டாகக் கைமாறுவது வீட்டுக் குறியீட்டின் கணக்கிலேயே வராது.

வங்கி மதிப்பீட்டாளர் அதனால் மனையைத் தனியாகவும், தேய்மானம் கழித்துக் கட்டடத்தைத் தனியாகவும் மதிப்பிடுகிறார். குறியீடு உதவுவது பழைய கிரயத்தை இன்றைய விலைக்குக் கொண்டுவரும் இடத்தில். பக்கத்து வீடு 40 லட்சத்துக்குப் போனபோது எண் 110, இன்று 121 என்றால், அதே வீடு இன்று ஏறத்தாழ 44 லட்சம். கோவையின் எண்ணைச் சேலத்துக்குக் கடன் வாங்கி இந்தக் கணக்கைப் போடுபவர், அண்மையில் நடந்த இரண்டு மூன்று கிரயங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். பத்திரத்தில் எழுதிய தொகையோடு, கைமாறிய தொகையையும் விசாரித்து.