கூடு என்னும் கருவி: வெர்டின் குருவியும் பாலைவன வெப்பமும்

பாலைவனப் பறவைகள் பிழைத்திருப்பதற்கான காரணத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் உடலின் உட்செயல்களிலேயே, அதாவது சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் முறையிலும் மூச்சின் வழியே நீர் ஆவியாகும் அளவிலுமே தேடி வந்துள்ளனர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடக்கிலும் விரிந்த சொனோரா, மொஹாவி, சிவாவா பாலைவனங்களில் வாழும் வெர்டின் என்னும் குருவியை நோக்கினால், அவ்விளக்கம் பாதியளவே என்பதும், மறுபாதி அப்பறவையின் நடத்தையில், சிறப்பாக அது கூடு கட்டும் வழக்கத்தில் அடங்கியிருக்கிறது என்பதும் புலப்படும்.

மஞ்சள் தலையும் சாம்பல் உடலும் தோளில் செம்பழுப்புத் திட்டும் கொண்ட வெர்டின், ஏறத்தாழ 11 செ.மீ. நீளமும் 6 முதல் 7 கிராம் எடையும் உடையது. தொங்கு கூடுகளுக்குப் பெயர்பெற்ற ரெமிசிடே குடும்பத்தில் அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஒரே இனம் இதுவே. உடல் சிறுத்தால் எடையோடு ஒப்பிடுகையில் புறப்பரப்பு மிகும் என்பதால், பாலைவனத்தின் குளிர்ந்த இரவில் வெப்பத்தை விரைந்து இழப்பதும் நண்பகலில் விரைந்து ஏற்பதும் இதற்கு இயல்பாகின்றன.

இவ்விரு நெருக்கடிகளையும் வெர்டின் ஒரே கருவியால் எதிர்கொள்கிறது. மெஸ்கீட் (தமிழகத்துச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு), பாலோ வெர்டே போன்ற முள்மரங்களில் அது முட்சுள்ளிகளைப் பின்னி, பக்கவாட்டில் சிறு வாயில் விட்டு, உள்ளே இலை, சிலந்தி நூல், இறகு ஆகியவற்றைப் பரப்பி உருண்டைக் கூடு அமைக்கிறது. பல பறவைகளுக்குக் கூடு என்பது முட்டைக்கும் குஞ்சுக்குமான தற்காலிக ஏற்பாடு. வெர்டினோ ஆண்டு முழுவதும், இனப்பெருக்கம் இல்லாத மாதங்களிலும், இரவில் தங்குவதற்கென்றே கூடுகளைக் கட்டிக்கொள்கிறது. குளிர்காலக் கூட்டில் தங்குவதால் பறவை மிச்சப்படுத்தும் ஆற்றலை 1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. வெர்டினின் நடத்தைத் தகவமைப்புகளை 1976-இல் ஆராய்ந்த ஜார்ஜ் ஆஸ்டின், வெயில் ஏறும்போது அதன் நடமாட்டம் குறைந்து நிழலுக்குள் ஒடுங்குவதைப் பதிவுசெய்தார். கூட்டின் வாயில் நோக்கும் திசையும் பருவத்தோடு மாறுகிறது: குளிர் நீங்காத தொடக்கக் காலத்தில் காற்றுக்கு முதுகு காட்டும் வாயில், கோடை முற்றுகையில் காற்றை எதிர்நோக்குகிறது.

முள்வேலி எதிரிகளைத் தடுப்பதற்கே, வெப்பக் காப்பு அதன் உடன்விளைவு என்று வாதிடலாம். முள்ளின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் எதிரிகள் எல்லாப் பருவத்திலும் உள்ளனர், வாயிலின் திசையோ பருவத்துக்கேற்பத் திரும்புகிறது. இம்மாற்றத்தைப் பாதுகாப்பு என்னும் ஒற்றைக் காரணம் விளக்காது.

எனினும் இக்கருவிக்கும் எல்லை உண்டு. பறவையின் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். காற்றின் வெப்பம் அதனைக் கடந்தால், வீசும் காற்று உடலைக் குளிர்விப்பதற்கு மாறாகச் சூட்டையே கொணர்வதால், நீரை ஆவியாக்குவதன்றி வேறு வழி இருப்பதில்லை. பூச்சிகளிலிருந்தே பெரிதும் நீரைப் பெறும் இக்குருவிக்கு அச்செலவு எளிதன்று. மொஹாவியில் பழைய கணக்கெடுப்பு இடங்களை மீண்டும் ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, ஓர் இடத்தில் காணப்படும் பறவையினங்கள் ஒரு நூற்றாண்டில் சராசரியாக 43 விழுக்காடு குறைந்திருப்பதைக் காட்டியது. அதனைத் தொடர்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு, உடலைக் குளிர்விக்கக் கூடுதல் நீர் தேவைப்படும் இனங்களே, குறிப்பாக உடல் பெருத்தவையும் பூச்சி முதலிய உயிரிரை உண்பவையும், மிகுதியாகத் தேய்ந்தன என்றது. உடல் சிறுமையால் தப்பும் பக்கத்திலும் பூச்சியுணவால் இடர்ப்படும் பக்கத்திலும் ஒருங்கே நிற்கும் வெர்டினின் நிலையை, அது தெரிவுசெய்யும் நிழலையும் கூட்டையும் கணக்கில் சேர்க்காமல் உடலியல் அளவீடுகளால் மட்டும் மதிப்பிட இயலாது.