தாவர உரோமங்களைக் குறிக்கும் கலைச்சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

தாவரங்களை வருணிக்கும்பொழுது, 'உரோமம் அடர்ந்த இலை' என்னும் ஒரே தொடரைப் பலவற்றிற்கும் நாம் பொதுவாக வழங்கிவிடுகிறோம். தாவரவியலிலோ உரோமத்தின் நீளம், விறைப்பு, அடர்த்தி, படிந்திருக்கும் நிலை ஆகியவற்றை நோக்கி வெவ்வேறு சொற்கள் ஆளப்பெறுகின்றன. இச்சொற்கள் உருவான வரலாறு தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கும் பயன்படத்தக்கது.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1751ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிலசோபியா பொட்டானிக்கா' என்னும் நூலில் தாவர உறுப்புகளை விளக்கும் இலத்தீன் சொற்களை முறைப்படுத்தினார். உரோமம் பற்றிய சொற்களுள் பல உரோமானியரின் அன்றாட வழக்கைச் சார்ந்தவை. 'டொமென்டம்' என்பது மெத்தையில் அடைக்கும் பொருளின் பெயர். பின்னிப் படர்ந்த அடர் உரோமத்தைச் சுட்டும் 'டொமென்டோசஸ்' அதனடியாகப் பிறந்தது. 'லானா' என்பது ஆட்டுமயிர். எனவே 'லானாட்டஸ்' அதனையொத்த உரோமத்தைக் குறித்தது. பட்டின் பெயரடியாக, படிந்து பளபளக்கும் உரோமத்திற்குச் 'செரிசியஸ்' அமைந்தது. விறைத்த முரட்டு உரோமம் 'ஹிஸ்பிடஸ்' எனப்பட்டது. மக்கள் வழக்கிலிருந்த சொற்களே, எல்லை வரையறுக்கப்பட்டபின் அறிவியற் சொற்களாயின.

புதிய தாவர இனங்களின் விளக்கம் இலத்தீனில் அமைதல் வேண்டும் என்பது 1935 முதல் பொதுவிதியாக இருந்தது. 2012 ஜனவரி முதல் ஆங்கிலமும் ஏற்கப்பட்டது. எனினும் சிற்றினப் பெயர்களில் அப்பழஞ்சொற்கள் நிலைத்துள்ளன.

தமிழிலும் இத்தகைய சொற்கள் உள. தொட்டால் உறுத்தும் நுண்மயிரைச் 'சுணை' என்பர். முசுமுசுக்கையின் இலையைச் சுணையுடையது என்றே சித்த மருத்துவர் விளக்குவர். பஞ்சு போன்ற மென்மையைக் குறிக்கும் 'துய்' சங்க இலக்கியத்தில் பயின்று வருகின்றது. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் பூளையும் இடம்பெற்றுள்ளது. பொங்கலில் காப்புக் கட்டப் பயன்படும் சிறுபூளைக்கே லின்னேயஸ் 1753இல் 'லானாட்டா' எனச் சிற்றினப் பெயர் சூட்டினார்.

எனினும், வழக்குச்சொல் இருப்பது மட்டும் போதாது. 'ரம்புத்தான்' என்னும் பெயர், மயிரைக் குறிக்கும் 'ரம்புட்' என்ற மலாய்ச் சொல்லடியாகப் பிறந்தது. அதே மரத்திற்கு லின்னேயஸ் 1767இல் இட்ட 'லப்பாசியம்' என்னும் பெயரோ, ஆடையில் ஒட்டும் முட்காயை நினைவூட்டுவது. ஒரே பழத்தோலை ஒரு மொழி மயிராகவும் மற்றொரு மொழி முள்ளாகவும் கண்டது. பெயருக்கு இவ்வேறுபாடு இழுக்கன்று. கலைச்சொல்லுக்கோ பொருள் எல்லை இன்றியமையாதது.

ஆகவே, விறைத்து உறுத்துவதற்குச் சுணை என்றும், மென்மையாக அடர்ந்ததற்குத் துய் என்றும் நாம் வரையறுத்துக்கொள்ளலாம். அவ்வாறு செய்யின், மாணவர் தம் விரலால் உணர்ந்த வேறுபாட்டைத் தம் மொழியிலேயே துல்லியமாகக் கூற இயலும்.