தோலுக்கு ஒரு நீதி, கிணத்துக்கு ஒரு நீதி

சென்னை - பெங்களூர் பஸ்ஸுல தூங்கிட்டு போறவங்களுக்குக்கூட ஆம்பூர் வந்துடுச்சுன்னு மூக்கு சொல்லிடும். பிரியாணி வாசனையைச் சொல்லல, அது ஊருக்குள்ள போனாதான். நான் சொல்றது மத்தது :-)

ஆனா இந்தப் பதிவு மூக்குக்குத் தெரியாத ஒரு சமாச்சாரம் பத்தி. பென்டாகுளோரோபீனால், சுருக்கமா பிசிபி. குரோம்ல பதப்படுத்தின தோல் ஈரமா, நீல நிறமா இருக்கும். 'வெட் ப்ளூ'ன்னு சொல்வாங்க. அதைக் கப்பல்ல ஏத்தினா ஐரோப்பா போய்ச் சேர்றதுக்குள்ள பூஞ்சை பிடிச்சிடும். அதுக்கு மலிவான மருந்து பிசிபி. பூஞ்சை வராது. ஆனா ஆளுக்கும் ஆகாது. போதாததுக்கு டையாக்சின் வேற அதுல கலப்படமா ஒட்டிக்கிட்டு வரும்.

1989 டிசம்பர்ல ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. ஒரு கிலோ தோல்ல 5 மில்லிகிராமுக்கு மேல பிசிபி இருந்தா உள்ள விடமாட்டோம். அவ்வளவுதான், இங்க அலறல். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் ஏற்றுமதியை நம்பி இருக்கிற ஊருங்க. மாற்று மருந்து தேடினாங்க, அடையாறுல இருக்கிற சிஎல்ஆர்ஐ பரிசோதனையில இறங்குச்சு. 1990களின் தொடக்கத்திலேயே இந்தியாவும் பிசிபியைத் தடை பண்ணிடுச்சு.

இப்ப அதே காலத்துல நடந்த இன்னொரு கதையைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. டேனரி கழிவு பாலாத்துல கலந்து கிணறெல்லாம் கெட்டுப்போச்சுன்னு வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாவோ பாதியாவோ பாழ்னு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதைத் தீர்ப்பே எடுத்துக் காட்டுது. கெடுத்தவனே காசு கொடுக்கணும்ங்கிற கொள்கை இந்தச் சட்டத்துல உறுதியா வேர்விட்டது இந்த வழக்குலதான். சட்டக் கல்லூரிப் பசங்க எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா இழப்பீடு, சுத்தப்படுத்துறதுன்னு அதே சுப்ரீம் கோர்ட் 2025 ஜனவரியில மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது!

ஜெர்மன்காரன் கால்ல போடுற ஷூவுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம். நம்ம கிணத்துக்கு முப்பது வருஷத்துக்கு மேல. என்னத்தச் சொல்ல...

சரி, தடை பண்ணியாச்சே, பிசிபி போயிடுச்சான்னா, அதுதான் இல்ல. மண்ணுல இருக்கிற நுண்ணுயிரிங்க அதைப் பென்டாகுளோரோஅனிசோலா மாத்தும். அது சுலபமா ஆவியாகிக் காத்துல கிளம்பிடும். ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல (2001ல கையெழுத்து, இந்தியா ஏத்துக்கிட்டது 2006ல) பிசிபியை 2015லதான் சேர்த்தாங்க.

காத்துல இருக்கிறதை எப்படிப் பிடிக்கிறது? இங்கதான் எனக்குப் பிடிச்ச கருவி வருது. ரெண்டு எஃகுக் கிண்ணத்தை எதிரெதிரா கவுத்து, நடுவுல வட்டமா ஒரு பாலியூரித்தேன் பஞ்சு. பார்க்க இட்லிப் பானைக்குள்ள ஒத்தை இட்லி மாதிரி. பம்பு கிடையாது, கரண்டு வேணாம் (நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி). காத்து தானா உள்ள நுழையும், பஞ்சு ரசாயனத்தை உறிஞ்சிக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 கன மீட்டர் காத்துக்குச் சமம். மூணு மாசம் தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பணும்.

இதுக்கெல்லாம் முன்னாடியே, 1980களின் கடைசியில, பரங்கிப்பேட்டைல நம்மாளுங்களும் ஜப்பான்காரங்களும் சேர்ந்து காத்தை அளந்திருக்காங்க. வயல்ல அடிச்ச எச்சிஎச் பூச்சிமருந்து நெல் பூக்கிற சீசன்ல காத்துல ஏறுறது அதுல தெரிஞ்சது. அந்த ஆய்வு 1989ல வெளியாச்சு. அப்புறம் பஞ்சு வச்சு ஏழு இந்திய நகரங்கள்ல பண்ணின ஆய்வு 2010ல வந்தது. தில்லி, கொல்கத்தா, மும்பை, ஆக்ரா, கோவா, சென்னை, பெங்களூர்.

சென்னையும் இருக்கு, பெங்களூரும் இருக்கு. நடுவுல இருக்கிற ஆம்பூர் அந்தப் பட்டியல்ல இல்ல.

தோலை மென்மையாக்குற எண்ணெய்ல சேர்க்கிற குளோரின் ஏத்தின பாரஃபின் வேற இருக்கு. அதுல குட்டைச் சங்கிலி வகை 2017லயும் நடுத்தர வகை 2025லயும் அதே ஒப்பந்தப் பட்டியல்ல ஏறியாச்சு. ஆம்பூர்ல ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடியில ரெண்டு கிண்ணத்தைத் தொங்கவிட பெருசா செலவு ஆகாது. பஞ்சை அலசிப் பார்க்கிற மிஷின்தான் காஸ்ட்லி. அது மூணு மணி நேரத் தூரத்துல, சென்னையிலேயே இருக்கு.